தொடாமலே சுடும்: கரண்ட் வேலைக்கு வரும் தம்பிகளுக்கு

மதுரை செல்லூரில் கரண்ட் வேலை பழக வருகிற பிள்ளைகள் இரண்டு வழியாக வருகிறார்கள். கே.புதூர் அரசு ஐடிஐயில் இரண்டு வருடம் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு வருகிறவர்கள் ஒரு பக்கம். பள்ளிக்கூடத்தை முடித்தும் முடிக்காமலும், மாமா, சித்தப்பா என்று யாராவது ஒரு ஒயர்மேனின் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இன்னொரு பக்கம். இருவருக்கும் ஷாக் என்றால் என்னவென்று தெரியும். அதன் மேல் பயமும் உண்டு. ஆனால் போர்டைத் தொடாமல் தள்ளி நின்றவனையும் மின்சாரம் எரித்துவிடும் என்பது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. விசைத்தறி ஷெட், லேத் பட்டறை, மாவு மில், கல்யாண மண்டபம் என்று எங்கே வேலைக்குப் போனாலும் இது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஆட்களிடம் வாயால் சொல்லிச் சொல்லிப் பழகியதை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். இப்போது பெண் பிள்ளைகளும் இந்தத் தொழிலைப் படிக்கிறார்கள். தம்பி என்று நான் எழுதும் இடங்களில் எல்லாம் தங்கச்சியும் உண்டு.

1. ஷாக் வேறு, ஃபிளாஷ் வேறு. இதை முதலில் மனசில் ஏற்று.

ஷாக் அடிக்க உன் உடம்பு வழியாகக் கரண்ட் போக வேண்டும். ஃபிளாஷுக்கு அது தேவையே இல்லை. திறந்த பேனலில் இரண்டு ஃபேஸ் பஸ்பாருக்கு நடுவே ஒரு ஸ்பேனர் நழுவி விழுகிறது. அல்லது ஒரு பல்லி ஓடுகிறது. அல்லது போன தடவை வேலை பார்த்தவன் விட்டுப்போன ஒயர் துண்டு கிடக்கிறது. அது ஒரு நொடிகூடத் தாங்காது, உருகி ஆவியாகிவிடும். ஆனால் கரண்ட் நிற்காது. சூடேறிய காற்று வழியாகவே பாய ஆரம்பிக்கும். அதுதான் ஆர்க், அது தரும் வெடிப்புதான் ஃபிளாஷ். அதன் நடுப்பகுதி 19,000 டிகிரி செல்சியஸ் வரை போகும் என்கிறார்கள். சூரியனின் மேற்பரப்பே ஏறத்தாழ 5,500 டிகிரிதான். செம்பு ஆவியாகும்போது ஏறத்தாழ 67,000 மடங்கு விரிகிறது. அதனால்தான் வெடிச் சத்தம். அதனால்தான் பேனல் கதவு பிய்த்துக்கொண்டு பறக்கிறது. வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும், சத்தம் செவிப்பறையைக் கிழிக்கும், உருகிய உலோகம் முகத்தில் தெறிக்கும், அந்தப் புகையை உள்ளே இழுத்தால் நுரையீரல் வெந்துபோகும்.

1982-இல் ரால்ஃப் லீ என்ற அமெரிக்கப் பொறியாளர், மின்சாரத்தின் இந்த இன்னொரு ஆபத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எவ்வளவு தூரத்தில் நிற்பவனுக்கு எவ்வளவு சுடும் என்று கணக்குப் போட்டுக் காட்டியது அது. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் 1.2 கலோரி வெப்பம் விழுந்தால் போதும், கொப்புளம் போடுகிற இரண்டாம் நிலைத் தீக்காயம் தொடங்கிவிடும். இன்று உலகம் முழுக்க ஆர்க் பாதுகாப்பு உடைக்கு வைக்கிற அளவுகோல் இந்த 1.2 கலோரியில் இருந்துதான் தொடங்குகிறது.

2. எந்தப் போர்டு எவ்வளவு ஆபத்து என்று டிரான்ஸ்பார்மரைப் பார்த்துத் தெரிந்துகொள்.

வீட்டு ஸ்விட்ச் போர்டும் மில் மெயின் பேனலும் ஒன்றல்ல. வோல்டேஜ் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கலாம். ஷார்ட் ஆனால் பாய்கிற கரண்ட் வேறு. கணக்கு சுலபம், நீயே போடலாம். 500 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் முழு லோட் கரண்ட், 433 வோல்ட் பக்கத்தில், ஏறத்தாழ 667 ஆம்பியர். அதன் நேம் பிளேட்டில் இம்பீடன்ஸ் நாலரை சதவீதம் என்று இருந்தால் 667-ஐ 0.045-ஆல் வகு. 14,800 ஆம்பியர் வரும். டிரான்ஸ்பார்மர் முனையில் முழு ஷார்ட் ஆனால் பாயக்கூடியது அவ்வளவு. இதே கணக்கில் 100 கே.வி.ஏ. என்றால் மூவாயிரத்துக்குப் பக்கம் வரும். கேபிள் நீள நீள இது குறையும். அதனால் டிரான்ஸ்பார்மரை ஒட்டி இருக்கிற முதல் பேனல்தான் மிக மோசமானது. ஷெட்டின் கடைசியில் இருக்கிற டிபி பாக்ஸ் அவ்வளவு இல்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆர்க் வழியாகப் பாயும் கரண்ட் முழு ஷார்ட் கரண்டைவிடக் குறைவாக இருக்கும். குறைவுதானே, நல்லதுதானே என்று நினைக்காதே. கரண்ட் குறைந்தால் பிரேக்கர் தாமதமாக விழும். உன் மேல் விழுகிற வெப்பம் ஆர்க் எரிகிற நேரத்தோடு சேர்ந்து ஏறும். அரை நொடி கூடினால் ஆளின் கதை வேறாகிவிடும்.

3. ஆஃப் செய்யாமல் கை வைக்காதே. நான் சொல்லப்போகிற எல்லாவற்றிலும் இதுதான் பெரியது.

உடையும் கையுறையும் மேட்டும் ஆபத்தைக் குறைக்கும். மெயினை ஆஃப் செய்து, கரண்ட் இல்லை என்று உறுதி செய்துவிட்டால் ஆபத்தே இருக்காது. இது தெரியாத முதலாளி இல்லை. ஆனாலும் தறி ஓடிக்கொண்டிருக்கும்போது, "ஒரு ஃபேஸ் மட்டும் போயிருச்சு தம்பி, சட்டுன்னு லைன்லயே பார்த்துருப்பா, தறிய நிப்பாட்டினா நெசவாளிக்குக் கூலி போயிரும்" என்பார்கள். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. தறி நின்றால் ஓட்டுகிறவருக்குக் கூலி நிற்கும். அந்த உண்மைதான் உன்னை லைன் இருக்கிற பேனலுக்குள் கையை விட வைக்கும்.

அதற்கு நீ தயாராகப் போக வேண்டும். பேச்சில் ஜெயிக்கப் பார்க்காதே. வேலையைத் திட்டமிட்டு ஜெயி. முதலில் எந்த ஃபீடரில் கோளாறு என்று வெளியில் நின்றே கண்டுபிடி. அதை மட்டும் ஆஃப் செய்ய முடியுமா பார்; மற்ற தறிகள் ஓடட்டும். மெயின் பேனலையே திறக்க வேண்டிய வேலை என்றால், மாதாந்திரப் பராமரிப்புக்காக ஈ.பி. கரண்டை நிறுத்துகிற நாளை எதிர்பார்த்து வை. மதுரைப் பேப்பர்களில் எந்தெந்த ஏரியா, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று முந்தின நாளே வந்துவிடும். அன்றைக்கு எப்படியும் தறி நிற்கும். லக் மாற்றுவது, பஸ்பார் போல்ட் இறுக்குவது, பேனல் சுத்தம் செய்வது எல்லாவற்றையும் அன்று முடித்துக்கொள்.

ஆனால் ஈ.பி. நிறுத்தியிருக்கிறது என்ற ஒரே நம்பிக்கையில் பேனலுக்குள் கை விடாதே. இரண்டு மணிக்கு வரும் என்று போட்டிருப்பார்கள். பன்னிரண்டு மணிக்கே வந்துவிடும். உன் மெயினை நீ ஆஃப் செய்து பூட்டியிருந்தால்தான் அது உன் கையில் இருக்கிற பாதுகாப்பு. இன்னொன்றையும் சேர்த்துப் புரிந்துகொள்: மெயினை நீ ஆஃப் செய்தாலும் அதன் மேல் முனைக்கு வருகிற சர்வீஸ் கேபிளில் லைன் இருக்கும். அந்த முனையில் வேலை என்றால் ஈ.பி. ஆட்கள் வந்து வெளியில் துண்டித்தாக வேண்டும். அதற்கு 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் சொல்லலாம், செக்‌ஷன் ஆபீஸில் எழுதிக் கொடுக்கலாம்.

4. பூட்டு உன்னுடையது, சாவி உன் பாக்கெட்டில்.

லைன்மேன்கள் எல்.சி. (லைன் கிளியர்) வாங்காமல் கம்பத்தில் ஏறக்கூடாது. சப் ஸ்டேஷனில் எந்த ஃபீடர், யார் பேரில், எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்கிவிட்டு, இரண்டு பக்கமும் எர்த் ராடு போட்டுவிட்டுத்தான் கம்பியைத் தொடுவார்கள். அந்த ஒழுக்கம் பட்டறைக்குள்ளும் வர வேண்டும். மெயினை ஆஃப் செய். கைப்பிடியில் பூட்டுப் போடு. "ஆள் வேலை செய்கிறார்" என்று தமிழில் எழுதி, உன் பேரும் போன் நம்பரும் போட்டு அட்டை கட்டு. இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. இன்னொருவன் பூட்டை நீ எடுக்கக்கூடாது, அவன் டீ குடிக்கப் போயிருந்தாலும்.

ஜெனரேட்டரும் இன்வெர்ட்டரும் இருக்கிற இடத்தில் இன்னும் கவனம். சேஞ்ச் ஓவர் சரியாக இல்லாவிட்டால் உன் ஜெனரேட்டர் கரண்ட் பின்வழியாக ஈ.பி. லைனுக்கு ஏறும். அங்கே டிரான்ஸ்பார்மர் அதை 11,000 வோல்ட்டாக ஆக்கி, கம்பத்தில் இருப்பவன் கையில் கொடுக்கும். அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

5. கரண்ட் இல்லை என்று நீயே சோதித்து உறுதி செய்.

நியான் டெஸ்டரை மட்டும் நம்பிக் கை வைக்காதே. அது எரிவதற்கே உன் உடம்பு வழியாகக் கொஞ்சம் கரண்ட் தரைக்குப் போக வேண்டும். காய்ந்த மர ஸ்டூல் மேல் நின்றால் மங்கலாக எரியும். நல்ல வெயிலில் அது கண்ணுக்கே தெரியாது. முறை இப்படி: முதலில் லைன் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு பாயிண்டில் மீட்டரை வைத்து அது வேலை செய்கிறது என்று பார். பிறகு நீ வேலை செய்யப்போகிற இடத்தில் மூன்று ஃபேஸ்களையும் ஒன்றோடொன்று, ஒவ்வொன்றையும் நியூட்ரலோடு, ஒவ்வொன்றையும் எர்த்தோடு பார். கடைசியில் மறுபடி அந்த லைன் உள்ள பாயிண்டுக்குப் போய் மீட்டர் நடுவில் செத்துப்போகவில்லை என்று உறுதி செய். மூன்று படியும் சேர்ந்தால்தான் ஒரு சோதனை.

இந்தச் சோதனை முடிகிற வரைக்கும் பேனலில் லைன் இருப்பதாகவே நினை. ஃபிளாஷ் பல இடங்களில் இந்த நேரத்தில்தான் நடக்கிறது.

6. மீட்டர் வாங்கும்போது காசு பார்க்காதே.

மல்டிமீட்டரின் முகத்தில் கேட் 3, கேட் 4 என்று போட்டிருக்கும். போர்டு, பேனல் வேலைக்கு கேட் 3, 600 வோல்ட் குறைந்தபட்சம் வேண்டும். சர்வீஸ் மெயினுக்கு கேட் 4. நடைபாதையில் கிடைக்கிற மீட்டர் ரேடியோ ரிப்பேருக்கு ஆகும், மெயின் பேனலுக்கு ஆகாது. ஒரு பட்டறையில் நான் பார்த்திருக்கிறேன்: ஆம்பியர் பார்க்க 10 ஆம்பியர் ஓட்டையில் சொருகிய சிவப்பு ஒயரை மாற்றாமல், அப்படியே இரண்டு ஃபேஸுக்கு நடுவில் வைத்துவிட்டான் ஒரு பையன். அந்த நிலையில் மீட்டர் ஒரு துண்டுக் கம்பிக்குச் சமம். உள்ளே இருந்தது கண்ணாடி ஃபியூஸ். அது அந்தக் கரண்டை உடைக்க முடியாமல் வெடித்தது. ப்ரோப் நுனி இரண்டும் உருகி மொட்டையாகிவிட்டன. அவன் கையில் இருந்த மீட்டர் பின்பக்கமாகத் திறந்துகொண்டதால் முகம் தப்பியது. ஒயர் எந்த ஓட்டையில் இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் வை. ஆம்பியர் பார்க்கக் கிளாம்ப் மீட்டர் வைத்துக்கொள். அந்த ஓட்டைக்கே வேலை இருக்காது.

7. ஜாயின்ட் விஷயத்தில் சோம்பல் கூடாது.

டெல்லி உப்கார் தியேட்டரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். 1997 ஜூன் 13. "பார்டர்" படம் ஓடிக்கொண்டிருந்தது. 59 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலும் புகையில் மூச்சுத் திணறி. கதவு பூட்டியிருந்தது, வழியை அடைத்து நாற்காலி போட்டிருந்தார்கள் என்றெல்லாம் எல்லோரும் பேசினார்கள். அது உண்மை, பேச வேண்டியதுதான். ஆனால் நம் தொழில்காரர்கள் பார்க்க வேண்டிய இடம் அதற்கும் முந்தியது.

கீழே கார் நிறுத்துமிடத்தில் டெல்லி மின்வாரியத்தின் 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் இருந்தது. அன்று காலையிலேயே அதில் சின்னதாகத் தீப்பிடித்தது. ஆட்கள் வந்து எரிந்துபோன லக்குகளை மாற்றினார்கள். கிரிம்பிங் மெஷின் இல்லை. அச்சும் சுத்தியலும் வைத்துத் தட்டி லக்கை இறுக்கினார்கள் என்று விசாரணையில் வந்தது. தட்டி இறுக்கிய லக் பார்வைக்கு இறுகித்தான் இருக்கும். உள்ளே கம்பி இழைகளுக்கு நடுவில் காற்று இருக்கும். லோட் ஏறினால் சூடு, சூட்டில் விரிவு, ஆறினால் சுருக்கம், இன்னும் தளர்ச்சி, அப்புறம் பொறி. மாலையில் பி ஃபேஸ் கேபிள் கழன்று டிரான்ஸ்பார்மரின் ரேடியேட்டர் மேல் விழுந்து, ஆர்க்கில் தகடு ஓட்டையாகி, எண்ணெய் வெளியே கொட்டித் தீப்பிடித்தது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் நடந்தது.

அதனால் சொல்கிறேன்: கேபிள் அளவுக்குச் சரியான லக், லக் அளவுக்குச் சரியான டை, கிரிம்பிங் டூல் முழுக்க மூடுகிற வரை அமுக்கு. அலுமினியக் கேபிளைச் செம்பு பஸ்பாரில் போடும்போது பைமெட்டல் லக் போடு. போல்டில் பிளெய்ன் வாஷர், ஸ்பிரிங் வாஷர் இரண்டும் போட்டு இறுக்கு. இறுக்கியதும் தலை மேல் மார்க்கரால் ஒரு கோடு இழு. அடுத்த தடவை வந்து பார்க்கும்போது கோடு விலகியிருந்தால் தளர்ந்திருக்கிறது என்று தெரியும். பழைய பேனலைத் திறந்ததும் மூக்குக்கு வேலை கொடு. காய்ந்த மீன் போல ஒரு வாடை அடித்தால் எங்கோ இன்சுலேஷன் வேகிறது. லக்கை ஒட்டிய பிவிசி பழுப்பாகி, பிறகு கருத்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். அது போதும், அந்த ஜாயின்டை வெட்டிப் புதிதாகப் போடு.

8. ஃபியூஸைத் தடியாக்காதே.

ஃபியூஸ் கேரியரில் இரண்டு மூன்று செம்பு இழையை முறுக்கிப் போடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. மேலே சொன்ன நேரக் கணக்கை இங்கே பொருத்திப் பார். அளவான எச்.ஆர்.சி. ஃபியூஸ் பெரிய ஷார்ட்டை ஒரு சுற்று முடிவதற்குள் அறுத்துவிடும், நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள். முறுக்கின கம்பி அறுவதற்குள் நீ எரிந்துவிடுவாய்.

எம்.சி.பி. மேல் ஒரு சின்னக் கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று அச்சிட்டிருக்கும். அது உடைக்கக்கூடிய அதிகபட்ச ஆம்பியர். இரண்டாவது புள்ளியில் போட்ட கணக்கை எடுத்து ஒப்பிட்டுப் பார். 14,800 ஆம்பியர் வரக்கூடிய இடத்தில் 10000 போட்ட எம்.சி.பி. தாங்காது, அங்கே அந்தக் கரண்டை உடைக்கக்கூடிய எம்.சி.சி.பி. வேண்டும். விழுந்த பிரேக்கரைக் காரணம் பார்க்காமல் திரும்பப் போடுவது எந்த நாளும் வேண்டாம்.

9. போர்டுக்கு முன்னால் இடம் விடு.

1956-ஆம் வருட இந்திய மின்சார விதிகளிலேயே இது இருந்தது, பின்னால் வந்த ஒழுங்குமுறைகளும் விடவில்லை. ஸ்விட்ச் போர்டுக்கு முன்னால் 1 மீட்டராவது காலி இடம் வேண்டும். பின்பக்கம் திறந்த இணைப்புகள் இருந்தால், சுவருக்கும் போர்டுக்கும் நடுவே 20 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும், அல்லது 75 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். நடுவில் எதுவும் கூடாது. ஏன் என்று யோசித்தால் விளங்கும். 20-க்குக் குறைந்தால் எவனும் உள்ளே நுழைய மாட்டான். 75-க்கு மேல் என்றால் நுழைந்தவன் ஓடி வெளியே வர முடியும். இரண்டுக்கும் நடுவில் என்றால் நுழையவும் செய்வான், மாட்டவும் செய்வான்.

தறி ஷெட்டில் நூல் கோன் மூட்டைகளைப் போர்டை ஒட்டித்தான் அடுக்குகிறார்கள், இடம் இல்லை என்று. ஃபிளாஷ் வந்தால் பின்னால் ஓட வழியில்லை. தெறிக்கிற பொறிக்கு விறகும் தயார். பஞ்சுத் தூசியும் அப்படித்தான். ஸ்டார்டர் பாக்ஸுக்குள், காண்டாக்டர் மேல், டெர்மினல் நடுவில் அது மெல்லிய கம்பளம் போட்டிருக்கும். லைன் இருக்கும்போது கம்ப்ரஸர் காற்றடித்துச் சுத்தம் செய்யாதே. பஞ்சு பறந்து இன்னும் உள்ளே போகும், தீயும் பிடிக்கும். ஆஃப் செய்துவிட்டுப் பிரஷ்ஷும் வாக்குவமும் எடு.

10. ஸ்விட்ச் போடும்போது நிற்கிற இடம் முக்கியம்.

பேனல் கதவை மூடித் தாழ்ப்பாள் போட்ட பிறகே ஆன் செய். நேர் எதிரே நிற்காதே. பேனலுக்கு வலது பக்கம் ஒதுங்கி நின்று, இடது கையால் கைப்பிடியைப் பிடித்து, முகத்தை மறுபக்கம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு போடு. பக்கத்தில் வேடிக்கை பார்க்க யாரையும் வைக்காதே. பெரிய மில்லில் வேலை கிடைத்து, ஏ.சி.பி., வி.சி.பி. மாதிரிப் பெரிய பிரேக்கரை ரேக் அவுட் செய்யச் சொன்னால், அதாவது பேனலில் இருந்து வெளியே இழுக்கச் சொன்னால், கதவு மூடியபடியே செய்கிற வசதி இருக்கிறதா என்று முதலில் கேள்.

11. உடையைப் பற்றி.

செல்லூர்க்காரனுக்குப் பருத்தியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பாலியஸ்டர் சட்டை ஆர்க் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் அதைப் பிய்த்து எடுக்கும்போது தோலும் வரும். பருத்தி உருகாது. ஆனால் எரியும். அதனால் கனமான பருத்தி முழுக்கைச் சட்டை, பேன்ட் என்பது குறைந்தபட்சம்தானே தவிர, அதை ஆர்க் உடை என்று நினைத்து ஏமாறாதே. உள் பனியனும் பருத்தியாக இருக்கட்டும். உண்மையான ஆர்க் உடையில் எத்தனை கலோரி தாங்கும் என்று எழுதியிருக்கும். அமெரிக்காவில் 1979-இல் இருந்து வெளிவரும் 70இ என்ற விதித்தொகுப்பு அதை 4, 8, 25, 40 கலோரி என்று நான்கு படியாகப் பிரித்திருக்கிறது. பெரிய ஆலைகள் அதைப் பார்த்தே வாங்குகின்றன. 40 கலோரி உடை விலை அதிகம், சின்னக் கான்ட்ராக்டரால் வாங்க முடியாது. அவனுக்கு ஒரே வழி மூன்றாவது புள்ளிதான்: ஆஃப் செய்.

கையில் காப்பு, கழுத்தில் செயின், மோதிரம், இடுப்பில் வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வா. காப்பு இரண்டு பஸ்பாருக்கு நடுவே பட்டால் அதுவே ஸ்பேனர். ரப்பர் கையுறை ஐ.எஸ். 4770 முத்திரையோடு வாங்கு. போடுவதற்கு முன் மணிக்கட்டுப் பக்கத்தைச் சுருட்டிக் காற்றை அடைத்து, கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார். ஊசி ஓட்டை இருந்தாலும் காற்று கசிவது கன்னத்தில் தெரியும். பேனல் முன் போடும் மேட்டுக்கு ஐ.எஸ். 15652. பழைய டயர் துண்டு மேட் ஆகாது.

12. மழையும் திருவிழாவும்.

2024 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் செல்லூர்க் கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் நிறைந்து கட்டபொம்மன் நகர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை நாம் பார்த்தோம். அப்படித் தண்ணீர் ஏறின ஷெட்டில், தண்ணீர் வடிந்ததும் மெயினைப் போடச் சொல்வார்கள். போடாதே. மோட்டார், ஸ்டார்டர், டிபி ஒவ்வொன்றையும் காயவைத்து, மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்த்த பிறகே போடு. ஈரமும் சேறும் படிந்த பஸ்பார் தாங்கியில்தான் ஃபிளாஷ் ஓடும். மோட்டார் உடம்புக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டும் இருக்கிறதா, அறுந்து தொங்குகிறதா என்று குனிந்து பார். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. ஆளை ஷாக்கில் இருந்து காக்கும், கட்டாயம் போடு. ஆனால் ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவே வருகிற ஆர்க்கை அது பார்க்கவே பார்க்காது.

சித்திரைத் திருவிழா சமயத்தில் பந்தல், சீரியல் செட், இரும்புக் கம்பத்தில் கொடி என்று உன்னைக் கூப்பிடுவார்கள். தலைக்கு மேலே பார்த்துவிட்டு ஏணியை நிறுத்து. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் போனார்கள். உயரழுத்தத்தில் நெருங்கினாலே போதும், இடைவெளியைத் தாண்டி வரும். மூங்கில் ஏணி என்றாலும் பச்சை மூங்கில் கரண்டைக் கடத்தும்.

13. சோலார் வேலைக்குப் போகிறவர்களுக்கு.

மொட்டைமாடிகளில் இப்போது நிறைய வேலை இருக்கிறது. நம் ஏ.சி. கரண்ட் நொடிக்கு நூறு தடவை சைபரைத் தொட்டு வரும். அதனால் சின்ன ஆர்க் அணைய ஒரு வாய்ப்பு உண்டு. டி.சி. அப்படி இல்லை. பிடித்தால் விடாது. வெயில் இருக்கும்வரை சோலார் பேனல் கரண்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், எந்த ஸ்விட்சும் அதை அணைக்காது. இன்வெர்ட்டரில் லோடை நிறுத்தி, டி.சி. ஐசொலேட்டரை ஆஃப் செய்யாமல் கனெக்டரைப் பிடுங்காதே. ஏ.சி. எம்.சி.பி.யை டி.சி.யில் போடாதே.

14. ஆளுக்கு அடிபட்டால்.

முதலில் மெயின். ஆளைத் தொடுவது அதற்குப் பிறகு. சட்டை எரிந்தால் போர்வை போட்டு மூடு, தரையில் உருட்டு. பேனல் தீக்குக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், தண்ணீர் வேண்டாம். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து 5 முதல் 6 சென்டிமீட்டர் இறங்குகிற மாதிரி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்கு. இன்னொருவன் 108-ஐக் கூப்பிடட்டும். தீக்காயத்தின் மேல் சுத்தமான குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடு. பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவாதே. ஒட்டின துணியை இழுக்காதே. வீக்கம் வருவதற்குள் மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்று. எழுந்து நடக்கிறான், பேசுகிறான் என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதே. இதயத் துடிப்பு பின்னால் தடுமாறலாம், நுரையீரல் பின்னால் வீங்கலாம். கோரிப்பாளையம் பெரிய ஆஸ்பத்திரி நமக்குப் பக்கம்தான். ஈ.சி.ஜி. எடுக்கிற வரை கூடவே இரு.

15. காகிதங்களைச் சரியாக வை.

ஒயர்மேன் உதவியாளர் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கு. சான்றிதழ் இல்லாமல் விபத்தானால் உன் பக்கம் பேச யாருக்கும் வாய் இருக்காது. ஆள் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் மின் ஆய்வாளருக்குத் தகவல் போக வேண்டும். மறைக்கச் சொன்னால் உடன்படாதே.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற பட்டறையில் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கினால் உனக்கு இஎஸ்ஐ உண்டு. தினக்கூலியாக இருந்தாலும், கான்ட்ராக்டர் மூலம் வந்தாலும் உண்டு. வேலையில் அடிபட்டு வீட்டில் இருக்க நேர்ந்தால் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். இஎஸ்ஐ ஆஸ்பத்திரி தத்தனேரியில், நம் பக்கத்து ஏரியாவில் இருக்கிறது. உன் இஎஸ்ஐ எண்ணைக் கேட்டு வாங்கி, அதில் உன் பேரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா பார். ஆள் குறைந்த இடத்தில் வேலை என்றால் கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் எலக்ட்ரீஷியன் என்று பதிந்துகொள். பேங்கில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற பிரதமர் சுரக்ஷா விபத்துக் காப்பீட்டில் சேர். இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் வரும். நாமினியாக அம்மா பேரைப் போட்டிருந்து பிறகு கல்யாணம் ஆனால் மாற்று. ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் அந்த 20 ரூபாய் அக்கவுண்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். இல்லையென்றால் அந்த வருடம் காப்பீடு நின்றுவிடும்.